அம்மா சொன்ன பதில்

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நம் சின்னவள் வாலு உன் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த அன்று நான் முதலில் கவனித்தது அவள் கையைத்தான். பெட்டியைக் கீழே வைத்தாள். செருப்பைச் சுவரோரம் ஜோடியாக விட்டாள். பிறகு தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று வலது கையைத் தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள். அம்மா அண்ணாந்து கூரைத் தகரத்தைப் பார்த்தாள். "என்னடி அங்க, பல்லியா?" என்றாள். வாலு வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் புரிந்தது. பள்ளிக்கூடப் பேச்சில் "சொல்லு" என்றேன். உடனே கையை இறக்கிவிட்டு, "தண்ணீர் குடிக்கலாமா?" என்று கேட்டாள். குடம் அவளுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

ஏன் கையைத் தூக்குகிறாள் என்று அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் மனசு உடைந்துபோவாள். பல்லியாகவே இருக்கட்டும்.

நம் பேச்சு வாலுவுக்கு முக்கால்வாசி போய்விட்டது. அம்மா சொல்வது பாதி புரிகிறது, ஆனால் பதில் பள்ளிப் பேச்சில்தான் வருகிறது. அம்மாவுக்கோ அதில் பஸ் டிக்கெட் கேட்கிற அளவுக்குத்தான் தெரியும். நடுவில் நான். நான் எவ்வளவு பேசுவேன் என்று உனக்குத் தெரியாதா? ஒரு வருஷத்துப் பேச்சை ஒரே வாரத்தில் பேசித் தொண்டை கட்டிக்கொண்டது. ஊமைப் பூனைக்கு வந்த வாழ்வைப் பார் என்று நீ சிரிப்பாய்.

நம் காலத்தில் நம் பேச்சைப் பேசினால் கழுத்தில் அட்டை மாட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? இப்போது அட்டை கிடையாதாம், சுவரில் அவரவர் பெயருக்கு நேராக இருக்கும் நட்சத்திரத்தில் ஒன்றைக் கிழித்துவிடுவார்களாம். யார் கிழிப்பது என்று வாலுவிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

லாண்டரியில் எல்லாம் பழையபடிதான். ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டை மூட்டையாக வருகின்றன. அம்மாவும் நானும் மடிக்கிறோம், மத்தியானத்துக்கு மேல் நான் இஸ்திரிக்குப் போகிறேன். மேஸ்திரி கத்துகிறார், மெஷின் அவரைவிட அதிகமாகக் கத்துவதால் யாருக்கும் கேட்பதில்லை.

அம்மாவுக்கு உன் மேல் கோபம். விடுதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் ஆகிவிட்டாய் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறாள். ஆனால் வருஷத்தில் ஒருமுறைகூட வராவிட்டால் எப்படி? "ஆபீஸ் சுவத்துல தொங்குறாரே துரை, அவர் பக்கத்துல உங்கக்காவையும் சட்டம் போட்டு மாட்டிட்டாங்களா?" என்று கேட்கச் சொன்னாள். அப்படியே எழுதிவிட்டேன்.

இன்னொன்று. போன மாதம் அம்மாவை உங்கள் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, வாலுவை ரயிலில் ஒரு நாள் தூரம் இருக்கிற பெரிய பள்ளிக்கு அனுப்பலாமா என்று கேட்டார்களாமே. "நல்லாத்தான் கேட்டாங்க. டீ குடுத்தாங்க. நானும் மரியாதையா மறுத்துட்டு வந்தேன்" என்றாள். துரை படத்துக்குக் கீழே உட்கார்ந்து அம்மா மறுத்தாள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நீயும் பக்கத்தில் நின்றாயாம். எனக்கு ஏன் எழுதவில்லை?

உன் பதிலைப் பார்த்தபடி,
உன் தங்கை பூனை


மே 3

அன்புத் தங்கை பூனைக்கு,

உன் கடிதம் கண்டதும் வீட்டுக்கே வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. இஸ்திரி ஆவியில் நின்றுவிட்டு உடனே வெளிக்காற்றுக்குப் போகாதே. சொன்னால் கேட்க மாட்டாய்.

துரை பக்கத்தில் என்னை மாட்ட இடமில்லை என்று அம்மாவிடம் சொல். விடுமுறையில் அலமாரிகளுக்குச் சாயம் அடிக்கிறார்கள், படுக்கைகளுக்குப் பஞ்சு மாற்றுகிறார்கள். எல்லாவற்றுக்கும் நான்தான் நிற்க வேண்டும். என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இந்த வருஷம் ஆகிவிடும் என்று பெரிய டீச்சர் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒரு விஷயத்தை நீ மாற்றி எழுதியிருக்கிறாய். அம்மா மறுக்கவில்லை, சம்மதித்தாள். பெரிய டீச்சர் நிதானமாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றையும் நம் பேச்சில் சொன்னேன். அவளுக்கு விளங்காமல் இல்லை. இந்தப் பள்ளியிலிருந்து இரண்டே பிள்ளைகளைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதில் நம் வாலு ஒருத்தி. இதை நினைத்து நீ குதிக்க வேண்டாமா?

ஜூன் ஒன்பதாம் தேதி புறப்பாடு. புதுப் பெட்டி வந்துவிட்டது, பெரிய டீச்சர் அறையில் இருக்கிறது. அவளுடைய பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாது என்பதால் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், பெட்டியில் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். அழகான பெயர்தான். விடுமுறைகளில் அந்த ஊரிலேயே ஒரு குடும்பம் அழைத்துப்போய் வைத்துக்கொள்ளும். படிப்பு முடிந்ததும் பெரியவளாக வருவாள். அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டோம். அம்மாவுக்குச் சம்மதம் என்று தெரிந்தால் பிள்ளைகள் அழ மாட்டார்கள் என்பது இங்கே எங்கள் அனுபவம்.

நம் வீட்டிலிருந்து ஒருத்தி அவ்வளவு தூரம் போகிறாள். அம்மாவை நிம்மதியாக இருக்கச் சொல். வாலுவுக்கு ரிப்பன் அனுப்பியிருக்கிறேன். நீலம் அவளுக்கு, சிவப்பு உனக்கு.

பிரியமுள்ள
அக்கா


மே 9

அக்காவுக்கு,

ரிப்பன் வந்தது. வாலு இரண்டையும் கட்டிக்கொண்டு திரிகிறாள். அவளுக்குத்தான் நன்றாக இருக்கிறது.

அக்கா, உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் அவளையே கேட்டேன். என்ன சொல்லி மறுத்தாய், அப்படியே சொல் என்றேன். அவள் என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் நான் வாயே திறக்கல. தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். அதுக்கு மேல எப்படிடி சொல்றது? அவங்க முகத்துல துப்பிட்டா வர முடியும்?"

உனக்கு இது மறந்திருக்காது. நம் பேச்சிலும் 'வேண்டாம்' உண்டு. நாய்க்குச் சொல்வோம், தீயைத் தொடப் போகிற குழந்தைக்குச் சொல்வோம். மதித்து ஒன்று கேட்டவரின் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். அவர் கேட்பார், நாம் பேசாமல் இருப்போம். அவர் மறுபடி கேட்பார், அப்போதும் பேசாமல் இருப்போம். மூன்றாவது முறையும் அப்படியே என்றால் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. வேறு பேச்சுப் பேசிவிட்டு எழுந்து போவார். யாருக்கும் மானம் போகாது.

உன்னைப் பெண் கேட்டு மரக்கடைக்காரர் வீட்டிலிருந்து வந்தார்களே, அப்போது நீ என்ன செய்தாய்? தலை குனிந்து, கால் கட்டைவிரலால் தரையை அழுத்திக்கொண்டு, மூன்று முறையும் பேசாமல் இருந்தாய். அந்த அம்மா சிரித்த முகத்தோடு எழுந்து, "மழை வர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளியே வெயில் கொளுத்தியது. நாம் அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்தோம். அன்று அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்திருந்தால் உன் கதி என்ன?

நான் பள்ளியை விட்டதும் இதனால்தானே. கேள்வி கேட்டவுடன் பதில் சொன்னால் துடுக்கு என்று வீட்டில் பழகிவிட்டு, அங்கே போய்ப் பதில் தெரிந்தும் பேசாமல் நிற்பேன். மக்கு என்று வெயிலில் நிறுத்துவார்கள். நீ சீக்கிரம் மாறிவிட்டாய். எனக்கு மாற வரவில்லை.

அதனால் கேட்கிறேன். அம்மா பேசாமல் இருந்தபோது நீ அங்கே நின்றாய். அது என்ன பதில் என்று அந்த அறையில் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீ என்ன சொன்னாய்?

வாலு நேற்று என்னிடம் ஒன்று கேட்டாள். அம்மாவிடம் கேட்க அவளுக்குப் பேச்சு இல்லை, அதனால் என்னிடம். "அம்மாவுக்கு என்னை வேண்டாமாக்கா?" என்றாள். யார் சொன்னது என்றேன். "அம்மாவே சரின்னு சொல்லிட்டாங்களாமே" என்றாள். அழவில்லை. உங்கள் அனுபவம் சரிதான், அழ மாட்டார்கள்.

பூனை


மே 16

பூனைக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீ நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். பெரிய டீச்சர் மூன்றாவது முறை கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மௌனம் சம்மதம்தானே?" என்று சிரித்தார். நான் ஆமாம் என்றேன்.

தெரிந்து சொன்னாயா என்று கேட்பாய். இந்தக் கட்டடத்தில் நான் வளர்ந்தவள். இங்கே பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். சாப்பாடு போதுமா என்று கேட்டால், பேசாதவளுக்குப் போதும். தப்புச் செய்தது நீயா என்று கேட்டால், பேசாதவள்தான் செய்தாள். அதில் அடிபட்டு அடிபட்டு எனக்கு அதுதான் முதலில் தோன்றுகிறது. அம்மா தலை குனிந்ததைப் பார்த்தபோது உள்ளே எங்கேயோ ஒன்று உறுத்தியது. அதற்குள் 'ஆமாம்' வந்துவிட்டது.

வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க நான் விரும்பவும் இல்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? வாலு அங்கே இருந்தால் என்ன ஆவாள்? பதினாறு வயதில் நீ ஆஸ்பத்திரித் துணியை மடித்துக்கொண்டு நிற்கிறாய். அவளும் மூன்றாவது ஆளாக வந்து நிற்க வேண்டுமா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நம் ஆட்கள் வாயை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் விட்டார்கள். நிலத்தைக் கேட்டபோது தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள், மறுத்துவிட்டோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். காலையில் வேலி போட்டிருந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளத்தான் அவளை அனுப்புகிறேன்.

இனி நான் போய் அது சம்மதம் இல்லை என்று சொன்னால், அன்று பொய் சொன்னாயா என்று கேட்பார்கள். என் வேலை, இந்த அறை, இந்தக் கட்டில், எல்லாம் அவர்களுடையது. எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. காலம் போனால் அவளே நல்லது என்பாள்.

அக்கா


மே 21

அக்காவுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

லாண்டரியில்தான் சொன்னேன். வீட்டில் வாலு இருக்கிறாள். விரிப்பின் ஒரு பக்கம் அம்மா கையில், மறுபக்கம் என் கையில். மூலைகளைச் சேர்க்க என்னை நோக்கி நடந்து வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். விரிப்பு நடுவில் தரையில் பட்டது. மேஸ்திரி பார்த்துக் கத்தினார், மறுபடி துவைக்கப் போட வேண்டும் என்று. அம்மாவுக்கு அது காதில் விழவில்லை. "அவளும் அங்கதான நின்னா" என்றாள். பெரிய டீச்சரையோ துரையையோ அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை மட்டும்தான் சொன்னாள்.

சாயங்காலம் வாலுவை மடியில் உட்காரவைத்துத் தலை வாரினாள். "நான் உன்னைக் குடுக்கலடி" என்று நம் பேச்சில் சொன்னாள். நான் பள்ளிப் பேச்சில் மாற்றிச் சொன்னேன். வாலு என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். நான் இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள், அக்கா. பெரிய டீச்சர் சொன்னதுதான் அவளுக்கு வேதவாக்கு.

நிலத்தைப் பற்றி நீ எழுதியது எனக்கு வலித்தது. அது பொய் இல்லை. ஆனால் அன்று வேலி போட்டவனுக்கு நம் பேச்சு தெரியாது. உனக்குத் தெரியும்.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பதாம் தேதிக்குள் பெரிய டீச்சரிடம் நீ ஒரே ஒரு வாக்கியம் சொல். 'எங்கம்மா அன்று சம்மதிக்கவில்லை' என்று. வாலு திரும்ப உன் விடுதிக்கே வரட்டும், உன் கண் முன்னால் படிக்கட்டும். படிப்பு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்துக்குக் கட்டாயம் பதில் போடு. நீ பேசாமல் இருந்துவிட்டால் அதை நான் எந்த ஊர் வழக்கப்படி எடுத்துக்கொள்வது?

உன் பூனை


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே கையை விரித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

நேற்று நாங்கள் பெரிய டீச்சர் அறைக்கு வந்தபோது நீயும் இருந்தாய், ஆனால் தலை குனிந்திருந்தாய். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

வாலுவை அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் போதும் என்றுதான் அம்மா முதலில் நினைத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. வேன் வரும், நாங்கள் பேசாமல் நிற்போம், அதையும் சம்மதம் என்று ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் நாமே போய்ச் சொல்லிவிடலாம், வாலு அதைத் தன் காதால் கேட்கட்டும் என்றேன். யார் சொல்வது என்று அம்மா கேட்டாள். வேறு ஆள் இல்லை.

ஒரு வாரமாக லாண்டரியில் மெஷின் ஓடும்போது அதன் பின்னால் போய் நின்று 'வேண்டாம்' என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன். ஒருநாள் மெஷின் சட்டென்று நின்றுவிட்டது. மேஸ்திரி எட்டிப் பார்த்து, "என்ன வேண்டாம், சம்பளமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று சிரிப்புக்கு நடுவில் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.

நேற்று அந்த அறையில் அதை நான் சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய டீச்சர் இரண்டு முறை "என்னம்மா?" என்று கேட்டார், அதனால் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, நான் என்ன பிடுங்கிக்கிட்டா போறேன்?" என்றார். அம்மா அன்றைக்கே சொன்னாள் என்றேன். எப்போது என்றார். நீங்கள் கேட்டபோதெல்லாம் என்றேன்.

அதற்கு அப்புறம்தான் அவர் உன் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு. உங்கம்மா சம்மதிச்சாங்கதானே?"

நீ அலமாரிப் பக்கத்தில் நின்றிருந்தாய். புதுச் சாயத்தின் வாடை அடித்தது. அவர் இரண்டாவது முறை கேட்டார். மூன்றாவது முறை கொஞ்சம் குரல் உயர்த்திக் கேட்டார். நீ வாய் திறக்கவில்லை.

பெரிய டீச்சர் எங்களைப் பார்த்து, "பாத்தீங்களா, அவளே மறுக்கல" என்றார். வெற்றி பெற்ற முகம் அது. அதே நேரத்தில் அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ நாளாகத் தூக்கி நின்ற மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நம் பேச்சில் என்னிடம், "சொல்லிட்டா. எழுந்திரு, போகலாம்" என்றாள். வாலுவின் தோளில் கை வைத்தாள். வாசலுக்குப் போகும்போது பெரிய டீச்சரைப் பார்த்து, "மழை வர்ற மாதிரி இருக்கு" என்றாள். அவருக்கு அது புரிந்திருக்காது. உனக்குப் புரிந்திருக்கும். உன் தோள் அசைந்தது. சிரித்தாயா, அழுதாயா?

இந்த வாசலைத் தாண்டினால் இந்தப் பள்ளியிலும் இனி இடமில்லை என்று அவர் பின்னாலிருந்து சொன்னார். அதை அம்மாவுக்கு நான் மாற்றிச் சொல்லவில்லை. வெளியே வந்த பிறகுதான் சொன்னேன். லாண்டரிக்குப் பின்தெருவில் ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே என்ன மாட்டுவார்கள், எதைக் கிழிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இனிமேல் அங்கேயும் நான்தான் பேச வேண்டும் போலிருக்கிறது.

அம்மா உன்மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டாள். அவளுக்கு உன் பதில் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் நிச்சயம் இல்லை. நீ பேசாமல் இருந்தது நம் வழக்கமா, அந்த அறையின் வழக்கமா, வெறும் பயமா? கால் கட்டைவிரலால் தரையை அழுத்துகிறாயா என்று பார்த்தேன். ஷூ போட்டிருந்தாய்.

பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தோம். வாலு வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் தூக்கினாள். அம்மாவுக்கு அது என்னவென்று இன்னமும் தெரியாது. தன்னைத்தான் தேடுகிறாள் என்று நினைத்து அந்தக் கையை எட்டிப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வாலு கையை இழுக்கவில்லை.

நான் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

பூனை